விழுகிறவரின் சம்மதம்

நான் வேலையை விட்டு வந்த பிறகு எங்கள் துறைக்குப் புதிதாக ஒரு கண்ணாடி வந்திருக்கிறது. பாதித் தலையையே மூடுகிற கண்ணாடி அது. அதை மாட்டிக்கொண்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயரமான கட்டடத்தின் விளிம்பில் நிற்கலாம், விமானத்தில் பறக்கலாம், சிலந்தியைக் கையில் ஏறவிடலாம். போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, என் இடத்துக்கு வந்திருக்கும் திவ்யா அதை எனக்கும் மாட்டிவிட்டாள். மாடி விளிம்பு தெரிந்ததுதான் தாமதம், பக்கத்திலிருந்த மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முப்பது வருடம் ஊரார் பயத்தைப் போக்கிய அம்மாளின் லட்சணத்தைப் பார்த்து மாணவிகளெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இது இல்லாத காலத்துல நீங்கல்லாம் எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்று திவ்யா கேட்டாள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். எழுதுகிறேன். நோயாளிகளின் பெயரையெல்லாம் மாற்றியிருக்கிறேன். முக்கியமாகச் சொல்லப்போகிற தம்பதியிடம் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் மருத்துவ உளவியல் படித்தவள், மருந்து எழுதுகிற டாக்டர் அல்ல. இதை எத்தனையோ பேரிடம் விளக்கியிருக்கிறேன். "சரிங்க டாக்டரம்மா" என்று கேட்டுக்கொள்வார்கள். அப்பா பஞ்சாலை மேஸ்திரி. பெங்களூரில் பயிற்சி. அங்கே படித்த பெரிய புத்தகங்களின் சாரத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பயத்தைக் கண்டு ஓடினால் அது வளரும், எதிரில் நின்றால் குறையும். ஓடுகிறவரை எப்படி நிற்கவைப்பது என்பதைத்தான் கோயமுத்தூருக்குத் திரும்பி வந்து கற்றுக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பயத்துக்காக யாரும் நேராக மனநலப் பிரிவுக்கு வருவதில்லை. எல்லா வாசலையும் ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில்தான் வருவார்கள். மதுக்கரையிலிருந்து ஒருவர் வந்தார், சிமெண்ட் ஆலையில் வேலை. ஜவுளிக்கடைப் பை நிறைய ஈ.சி.ஜி. தாள்கள். திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து, செத்தே போய்விடுவோம் என்று தோன்றுமாம். இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர்கள்மீதெல்லாம் அவருக்குக் கோபம். அவரோடு நானும் ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஓடி ஏறினேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நெஞ்சு படபடத்தது. "உங்களுக்குமா டாக்டரம்மா?" என்று அவர் ஆச்சரியமாகக் கேட்டார். வைத்தியம் அங்கேதான் தொடங்கியது.

போத்தனூரில் நாய்க்குப் பயந்த ஒரு தபால்காரம்மாவும் உண்டு. தபால் கொடுக்கிற வேலை, தெருவுக்குத் தெரு நாய், என்ன செய்வார் பாவம். ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில் படுத்திருக்கும் செவலை நாயை வைத்துத்தான் அவருக்குச் சிகிச்சை. முதலில் எட்ட நின்று பார்ப்பது, பிறகு கிட்டப் போவது, பிறகு பிஸ்கட் போடுவது. அவருக்குப் பயம் தெளிவதற்குள் நாய் நன்றாகக் கொழுத்துவிட்டது.

இதையெல்லாம் செய்யத் தைரியம் கொடுத்தவர் எங்கள் துறைத் தலைவர் டாக்டர் ரங்கநாயகி. வீட்டில் தெலுங்கு, நோயாளிகளிடம் அசல் கோயமுத்தூர்த் தமிழ், எங்களிடம் கோபம் வந்தால் மறுபடியும் தெலுங்கு. அவர் நோயாளிக்கு எதிரே உட்காரமாட்டார். நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து ஜன்னலைப் பார்ப்பதுபோல உட்காருவார். நோயாளி சொல்ல முடியாததைச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அது வந்தவருக்கும் தெரியும். யாரும் பார்க்காத நேரம்போல மனிதர்கள் அப்போது பேசிவிடுவார்கள்.

நான் சேர்ந்த புதிதில் அவர் போட்ட முதல் உத்தரவு இது: "நம்மூர்ல ஒருத்தர் 'பரவாயில்லீங்க'ன்னு சொன்னா அதைப் பதில்னு எழுதாதே. அது மரியாதை. பதிலை அதுக்கப்புறம் கேட்டு வாங்கணும்." உண்மைதான். பயம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண் சொல்லச் சொல்வது எங்கள் வழக்கம். பெங்களூரில் தொண்ணூறு என்பார்கள். இங்கே, சட்டை வியர்வையில் நனைந்திருக்கும், கை ஆடிக்கொண்டிருக்கும், "அஞ்சு பத்து இருக்குமுங்க" என்பார்கள். அதிகமாகச் சொன்னால் டாக்டர் மனசு கஷ்டப்படுமே என்ற கவலை. மேடம் எண்ணையே தூக்கிப் போட்டுவிட்டு, "வாய்க்கால்ல எறங்கியிருக்கறீங்கன்னு வெச்சுக்குங்க. தண்ணி எது வரைக்கும் இருக்குது, கையில காட்டுங்க" என்பார். வாய் மரியாதைக்குப் பேசும், கை அவ்வளவாகப் பொய் சொல்லாது. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று காட்டிவிடுவார்கள்.

இந்த மரியாதை ஓர் உயிருக்கே வினையாக வந்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருந்தவர் நாச்சிமுத்து. ஐம்பதைத் தாண்டியவர், வாசலில் குனிந்து நுழைகிற உயரம். அவர் மனைவி மரகதத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் நல்லது என்ற நிலை. மரகதத்தின் தம்பி கந்தசாமிக்குச் சர்க்கரை, அதனால் கொடுக்க முடியாது. ரத்த வகை பொருந்தியது நாச்சிமுத்துவுடையதுதான். யாரும் கேட்கும் முன்பே கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். ஆனால் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கப் போன முதல் நாளே மயங்கி விழுந்தார். "சாப்புடாம வந்துபோட்டேனுங்க" என்றார். அடுத்த முறை சாப்பிட்டுவிட்டு வந்து விழுந்தார். விழும்போது தள்ளுவண்டியில் இடித்துப் புருவத்தில் தையல். அதற்கடுத்த முறை தறியில் சோலி என்று வரவே இல்லை.

சிறுநீரக மருத்துவர் எங்களுக்கு அனுப்பிய சீட்டில் ஒரே கேள்விதான் இருந்தது. கொடுப்பவருக்கு உண்மையிலேயே விருப்பம் இருக்கிறதா? விருப்பமில்லாதவரிடமிருந்து உறுப்பு எடுக்கக் கூடாது. அதை உறுதி செய்வதும் எங்கள் வேலை. என் பதிலில் சந்தேகம் இருந்தால் மரகதத்துக்கு வேறு வழி இல்லை.

நாச்சிமுத்து எங்களிடம் வந்தபோது கந்தசாமியும் கூடவே வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக என் முன்னாலேயே கேட்டுவிட்டார்: "மச்சான், மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லிப்போடுங்க. என்னத்துக்கு இந்த நடிப்பு? எங்கக்கா டயாலிசிஸ்ல கெடக்கறப்ப ஒரு நாளாச்சும் மேல வந்து பாத்திருக்கறீங்களா? கார்லயே உக்காந்திருக்கறீங்க."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "அவன் சொல்றதும் நாயந்தானுங்க" என்று என்னிடம் சொன்னார். தன்மேல் விழுந்த பழிக்குக்கூட மரியாதை கொடுக்கிற மனுஷனை என்ன செய்வது? கந்தசாமியை வெளியே உட்காரவைத்தேன்.

"கிட்னி குடுக்கறீங்களா?"

"உறுதிங்க."

"ஊசின்னா பயமுங்களா?"

"அதெல்லாம் பரவாயில்லீங்க. சித்த தலை சுத்துமுங்க, அவ்வளவுதான்."

தண்ணீர் எது வரைக்கும் என்றேன். கணுக்காலைக் காட்டினார். இந்த மனிதரின் கையும் மரியாதை பார்க்கிறதே என்று நினைத்துக்கொண்டு மேடத்தைக் கூப்பிட்டேன்.

மேடம் வந்து அவரைக் கட்டிலில் படுக்கவைத்தார். கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, நாடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பரிசோதனைக்கூடத்துப் பெண் செல்வியை ஊசித் தட்டோடு உள்ளே வரச் சொன்னார். ஊசி போடப்போவதில்லை என்று அவரிடம் முன்பே சொல்லியாகிவிட்டது. செல்வி ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தாள், பஞ்சை நனைத்தாள், அவ்வளவுதான். வாசம் வந்தது. நாடி முதலில் வேகமாக ஓடியது. மேடம் எனக்குக் கண்ணைக் காட்டினார். நானும் இன்னொரு கையைப் பிடித்துப் பார்த்தேன். ஓடிய நாடி தயங்கி, மெதுவாகி, எங்கள் விரலுக்கடியிலேயே தேய்ந்தது. ரத்த அழுத்தம் இறங்கியது. உதடு வெளுத்தது. "பரவாயில்லீங்க" என்று முனகும்போதே அவர் கண் சொருகியது.

பயந்தால் எல்லோருக்கும் நாடி ஓடும். அழுத்தம் ஏறும். பயத்தால் மயங்கி விழுவேன் என்று எத்தனையோ பேர் சொல்வார்கள், ஆனால் பெரும்பாலும் விழமாட்டார்கள். ரத்தத்துக்கும் ஊசிக்கும் பயப்படுகிறவர்கள் மட்டும்தான் நிஜமாகவே விழுகிற கூட்டம். ஏறிய அழுத்தம் சடாரென்று இறங்கிவிடும். அது மனசின் நடிப்பு அல்ல, உடம்பின் சுபாவம். அவருக்கு ரத்தம் எடுக்கும்போதெல்லாம் சுற்றியிருந்தவர்கள் அன்பாக என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஒடம்பைத் தளர உடுங்கண்ணா, மூச்சை மெதுவா உடுங்க." மற்ற பயங்களுக்கு நல்ல யோசனை. இவருக்கு அது குழி தோண்டுகிற யோசனை. தளர்ந்தால் அழுத்தம் இன்னும் இறங்கும்.

கால்களைத் தூக்கிவைத்து, கண் திறந்ததும் தண்ணீர் கொடுத்தோம். இந்தப் பயம் குடும்பத்தில் தொடர்ந்து வருவது வழக்கம். அதனால் மேடம், "உங்க ஊட்டுல வேற யாராச்சும் இப்படி உழுவாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எங்க வகையறா எல்லாம் கெட்டி ஆளுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "கோயில் நோம்பிக்குக் கெடா வெட்டுவீங்களா?"

"வெட்டுவாங்க. எங்க வகையறா வெட்டறதில்லீங்க. எங்களுக்கு மணி முறைங்க."

"அதென்னங்க மணி முறை?"

"கெடா வெட்டறப்ப நாங்க வாசப்பக்கம் பாத்து நின்னுட்டு மணியடிக்கோணுமுங்க. வெட்டி, தண்ணி ஊத்திக் கழுவற வரைக்கும் திரும்பப்படாது. எங்க பாட்டன் காலத்துல இருந்தே அப்படித்தானுங்க. திரும்புனா சாமி குத்தம். எங்க பெரியப்பன் ஒருக்கா திரும்பிப் பாத்து அங்கயே உழுந்துட்டாருங்க. சாமி தள்ளிருச்சுன்னு…"

அதோடு நிறுத்திவிட்டார். படுத்தபடியே மேடத்தின் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அப்ப எங்க அப்பனும் இப்படித்தானுங்களா?" என்றார்.

"அப்படித்தான் இருக்குமுங்க. பாட்டன் ஆரோ புத்திசாலி. உழுகாம இருக்க நல்ல முறையா வாங்கி வெச்சுட்டுப் போயிருக்கறாரு" என்றார் மேடம். நாச்சிமுத்து சிரித்துவிட்டார். நான் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. எத்தனையோ குடும்ப வரலாறு எழுதியிருக்கிறேன், ஒரு நோயைக் கோயில் முறையாக மாற்றிக் கௌரவமாக வாழ்ந்த குடும்பத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சிறுநீரக மருத்துவருக்கு, விருப்பத்தில் குறையில்லை, இது ரத்த பயம், சிகிச்சை கொடுக்கலாம் என்று எழுதி அனுப்பினோம். வெளியே போகும்போது நாச்சிமுத்து கதவருகே நின்று சொன்னார்: "டாக்டரம்மா, மரகதத்துக்கு மட்டும் இது தெரிய வேண்டாமுங்க. பொம்பளையாளு தெனமும் ஊசி குத்திக்கறா. அதைப் பாத்துட்டு ஆம்பளை உழுகறான்னா என்ன நெனைப்பா?" நோயாளி கேட்டால் காப்பாற்றத்தான் வேண்டும். சரி என்றேன்.

இந்தப் பயத்துக்கான பயிற்சியைப் படிக்கிற பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து கை, தொடை, வயிறு எல்லாவற்றையும் ஒருசேர இறுக்க வேண்டும். முகத்தில் சூடு ஏறுகிற வரை இறுக்கிவிட்டு விடவேண்டும். விடுவது என்றால் துவண்டு போவதில்லை, சாதாரண நிலைக்கு வருவது. கொஞ்சம் பொறுத்து மறுபடி இறுக்கம். மயக்கம் வருவதற்கான முதல் அடையாளம் தெரிந்ததும் இதைச் செய்தால் இறங்குகிற அழுத்தம் நின்றுவிடும். நாச்சிமுத்து இதைத் தறிக்கூடத்திலேயே பழகினார். முதலாளி நின்ற இடத்தில் முஷ்டியை முறுக்கி முகம் சிவப்பதைப் பார்த்த வேலையாட்கள், யார்மீதோ பயங்கரக் கோபத்தில் இருக்கிறார் என்று சில நாள் லீவே கேட்கவில்லையாம்.

பிறகு படிப்படியாக ஊசியின் படம், ஸ்பிரிட் வாசம், ஊசியைக் கையில் பிடிப்பது. அடுத்தவருக்கு ரத்தம் எடுப்பதைப் பார்ப்பது அதற்கடுத்த படி. அதற்குக் கை நீட்ட வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் நீட்டினேன். என் உடம்பில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அந்தச் சமயத்தில் தெரிந்த அளவுக்கு வேறு எப்போதும் எனக்குத் தெரிந்ததில்லை. கடைசியாக அவருடைய கை. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஊசி ஏறுகிற கையை மட்டும் தளரவிட்டு மற்ற உடம்பை இறுக்க வேண்டும்.

இவ்வளவும் வந்தது. ஒன்றே ஒன்று வரவில்லை. மயக்கத்தின் முதல் அடையாளம் தெரிந்ததும் "நிறுத்து" என்று அவர் சொல்ல வேண்டும். செல்வி கையை நிறுத்துவாள், அவர் இறுக்கிக்கொள்வார், பிறகு தொடரலாம். அவரோ கண் இருட்டிக்கொண்டு வரும்போதும், "பரவாயில்லை கண்ணு, நீங்க எடுங்க" என்று சொல்லிக்கொண்டே சாய்ந்துவிடுவார். வேலை செய்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணக் கூடாதாம்.

"இவருக்குப் பயத்தைவிட மரியாதைதான் பெரிய நோய்" என்றார் மேடம். ஊசியை ஓரமாக வைத்துவிட்டு, எங்களையெல்லாம் அதட்டிப் பழகும்படி அவரிடம் சொன்னார். "நிறுத்து! சொல்லுங்க பாப்போம்."

"நிறுத்துங்க."

"ங்க வேண்டாம்."

"சித்த சிரமம் பாக்காம நிறுத்துங்களேன்…"

செல்வி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். நாலைந்து நாள் இதே கூத்து. ஒரு நாள் ஊசி உள்ளே இருக்கும்போது அவர் உதடு வெளுப்பதை நான் பார்த்தேன். பல்லைக் கடித்தார். "நிறுத்து புள்ள!" என்று ஒரு சத்தம். தாழ்வாரத்தில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்வி நிறுத்தினாள். அவர் இறுக்கினார், முகம் சிவந்தது, மயக்கம் வரவில்லை. "இப்ப எடு" என்றார். குழாய் நிறைந்தது. ஊசியை எடுத்ததும் முதல் காரியமாக, "கோவிச்சுக்காதீங்க கண்ணு" என்று செல்வியைக் கும்பிட்டார். அவள் அழுதுகொண்டே கை தட்டினாள். நாங்களும் தட்டினோம்.

பரிசோதனைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நான் நிம்மதியாக இருந்தபோது, தனக்கு மாற்றுச் சிறுநீரகம் வேண்டாம் என்று மரகதம் சொல்லிவிட்டார்.

என் அறையில் வந்து உட்கார்ந்தார். கை கால் வீங்கி, முகம் கறுத்து, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "அவருது எனக்கு வேண்டாமுங்க அம்மணி. அவருக்குப் பிடிக்கலீங்க. பிடிக்காத சோறே ஒடம்புல ஒட்டாது. பிடிக்காமக் குடுக்கற கிட்னியை வெச்சுட்டு நான் எப்படீங்க இருப்பேன்?"

"பிடிக்கலைன்னு சொன்னாருங்களா?"

"சொல்லுவாருங்களா அவரு? ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் மயங்கி மயங்கி உழுந்தாருன்னு தம்பி சொன்னான். இத்தனை நாளா என்னையக் கூட்டீட்டு வாராரு, வாசல்ல எறக்கி உடறாரு, கார்ல போய் உக்காந்துக்கறாரு. பக்கத்து பெட்டுல இருக்கறவங்க ஊட்டுக்காரரெல்லாம் காலைப் பிடிச்சு உட்டுட்டு உக்காந்திருப்பாங்க. நான் வாசலையே பாத்துட்டுப் படுத்திருப்பேனுங்க. ஒரு நாள் மேல வந்து எட்டிப் பாக்கலை. அந்த வெசனத்தை ஆருகிட்டச் சொல்றது?"

எனக்குப் பதில் தெரியும். ஒரே வாக்கியத்தில் அவர் வருத்தத்தைத் தீர்த்திருக்கலாம். ஆனால் சொல்லக் கூடாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வேலைக்காலம் முழுவதிலும் வாயை மூடிக்கொண்டிருக்க அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. "நீங்க சொன்னதை அவர்கிட்ட நான் சொல்லலாங்களா?" என்று மட்டும் கேட்டேன். "சொல்லிக்குங்க. நான் கேட்டா பரவாயில்லைன்னுதான் சொல்லுவாரு" என்றார்.

மேடமும் நானும் அன்றே நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னோம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "இப்ப மேலதான் இருக்கறாளுங்களா?" என்றார்.

"ஆமாங்க. டயாலிசிஸ் நடக்குது."

"போலாமுங்க."

டயாலிசிஸ் அறை எங்கள் படிகளில் எதிலும் இல்லை. கட்டிலுக்குக் கட்டில் குழாய்களில் ரத்தம் ஓடுகிற இடம் அது. அங்கே அவரை அழைத்துப் போவதை நாங்கள் நினைத்தே பார்த்ததில்லை. "தண்ணி எது வரைக்கும் இருக்குதுங்க?" என்று மேடம் கேட்டார். அவர் கையைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார். முதல் தடவையாக உள்ளதைச் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

நான் பக்கத்தில், பின்னால் சக்கர நாற்காலியோடு ஓர் அட்டெண்டர். அறை வாசலில் ஒரு தடவை நின்று இறுக்கினார். மரகதம் கடைசிக் கட்டிலில். அவர் கையிலிருந்து சிவப்பாக இரண்டு குழாய்கள் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தன. கணவரைப் பார்த்ததும் அவர் பதறிப்போனார்.

"ஏனுங்க, என்னாச்சு? ஊட்டுல எதாச்சுமுங்களா?"

"ஒண்ணுமில்லை. நடுவுல பேசாமக் கேளு." முஷ்டி இறுகியிருந்தது, நெற்றி நரம்பு புடைத்திருந்தது. "எனக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வருது. சின்ன வயசுல இருந்தே வருது. எங்க அப்பனுக்கும் இருந்துதாமா. கீழ கார்ல உக்காந்திருந்தது உன்னையப் பாக்கப் பிடிக்காம இல்லை மரகதம். மேல வந்தா உழுந்துருவேன். நான் உழுந்தா, நர்சம்மாவெல்லாம் உன்னையப் பாக்கறதை உட்டுப்போட்டு என்னையப் பாக்க வந்துருவாங்க. அதுக்குத்தான் வரலை. இப்ப, ஒடம்பை இறுக்கோணும்னு இவங்க பழக்கி உட்டிருக்கறாங்க. குடுக்கறதுக்கு எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. எடுக்கறதைப் பாக்கறதுக்குத்தான் ஆகறதில்லை."

மரகதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பவும் வருதுங்களா?"

"வருது."

"அப்பறம் எதுக்கு நிக்கறீங்க? சிஸ்டர், இவருக்கு ஒரு சேர் போடுங்க. உழுகற ஆளு."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. "கட்டி வந்து இத்தனை வருசமாச்சு, இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலீங்களா?" என்றார். நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்தாலும் கிளம்ப மனம் வராமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் நாச்சிமுத்துவின் உதடு வெளுத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மரகதம் கண்டுகொண்டார். "என்னமோ இறுக்கோணும்னீங்களே, இறுக்குங்க" என்றார். டயாலிசிஸ் முடிகிற வரை அப்படித்தான். அவர் வெளுப்பார், இவர் அதட்டுவார், அவர் இறுக்குவார்.

மரகதம் சம்மதித்தார். உறுப்பு மாற்றத்துக்கான அனுமதிக் குழு அவர்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது சந்தேகத்துக்கு இடமில்லாத பதில் கிடைத்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பரிசோதனை நாள்களில் கந்தசாமிதான் மச்சானின் பக்கத்தில் நின்றார். எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை, இளநீர் மட்டும் தவறாமல் வாங்கி வந்தார்.

ரங்கநாயகி மேடம் இப்போது மகளோடு இருக்கிறார். போனில் பேசும்போதெல்லாம் நாச்சிமுத்து எப்படி இருக்கிறார் என்று கேட்பார். மேடத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரக் கிடைத்தது என் பாக்கியம். தங்கள் பயத்தை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, நான் சொன்னதற்காகவே அதன் எதிரில் போய் நின்ற அத்தனை பேருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிப்பட்ட தைரியத்தைத் தினமும் பார்க்கிற வேலை வேறு எது இருக்கிறது?

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் நான் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தபோது, இரவு முழுக்க மரகதத்தைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் வெளியே வந்து சிரித்தாள். மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் வலிக்கிறது என்றோ தண்ணீர் வேண்டும் என்றோ அவர் கேட்கவில்லையாம்.

"'அவரு எங்கயும் உழுந்துடலியே கண்ணு?'ன்னு கேட்டாங்க மேடம். 'இல்லீங்கக்கா, இந்தத் தடவை நாங்களே படுக்கவெச்சுட்டோம்'னு சொன்னேன். அப்பறம்தான் கண்ணை மூடுனாங்க."